சட்டர் சாலையும் ஆதுலர் சாலையும்
மாணவர் உறைவிடங்களில் மூச்சுநோய்: சில வரலாற்றுக் குறிப்புகள்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் சிதறால் மலைக் கல்வெட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் பேத்தியிடமிருந்து தொலைபேசி வந்தது. "தாத்தா, ரெண்டு நாளா இருமல். ராத்திரி காய்ச்சல் அடிக்குது. வார்டனுக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்டர்னல் மார்க் போயிடும். அம்மாகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். அந்த அறையில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அந்த மூவரும் யார் வீட்டுப் பிள்ளைகளோ!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேத்தியின் காய்ச்சல் ஒரு காரணம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே வார்த்தையை என் தம்பி சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பது இன்னொரு காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பட்டம் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1981-இல் ஆரணி அரிசியோடு இந்தப் பக்கம் வந்தவன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு அனுப்புவது தொழில். அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரி மணிக்கணக்கில் நிற்கும். அதனால் இங்கேயே ஒரு கிட்டங்கி பிடித்தேன், அப்படியே குடியும் ஆகிவிட்டேன். லாரி நிற்கும் நேரத்தில் படித்த புத்தகங்கள்தான் என் கல்லூரி. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடி போயிற்று. என் படிப்பும் அதோடு கொஞ்சம் குறைந்தது என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆகவே குற்றம் குறை இருந்தால் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

சாலை என்ற சொல்

நாம் இன்று சாலை என்றால் லாரி போகும் ரோட்டைத்தான் நினைக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தென்கோடியில் சாலை என்றால் மாணவர்கள் தங்கி, உண்டு, படிக்கும் இடம். பாடசாலை, வைத்தியசாலை என்று நாம் சொல்வதில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அரிசி அனுப்பிய சாலைக் கடைத்தெருவும், அதையடுத்த வலியசாலையும் பெயரில் அதைத் தாங்கி நிற்கின்றன. வலியசாலையில் உள்ள சிவன் கோயிலுக்கு இன்றும் காந்தளூர் என்றுதான் பெயர்.

அமரவிளையிலிருந்து களியக்காவிளை தாண்டிப் புதுக்கடை, முஞ்சிறைப் பக்கம் போனால் பார்த்திபபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. பழைய பெயர் பார்த்திவசேகரபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கே ஒரு விஷ்ணு கோயிலும் அதை ஒட்டி ஒரு சாலையும் ஏற்படுத்தினான். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து உழக்குடிவிளை என்னும் நிலத்தை, வேறு நிலம் கொடுத்து மாற்றாகப் பெற்று அதில் கட்டினான். (விளை என்று முடியும் ஊர்ப்பெயர் நம் பக்கத்தில் எத்தனை பழமையானது பாருங்கள்.) இச்செய்தி சொல்லும் செப்பேடு திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் அதற்கு ஹுசூர் செப்பேடு என்றே பெயர் ஏற்பட்டது. து. அ. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

இந்தச் சாலையில் 95 இடங்கள். பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. மாணவருக்குச் சட்டர் என்று பெயர். காந்தளூர்ச் சாலையின் நடைமுறையே இதற்கும் முன்மாதிரி. இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் தெரிந்தவனுக்குத்தான் இடம். மூவேந்தர் நாட்டு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தணர் அல்லாதவருக்கு அங்கே கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விதிமுறைகள் கறாரானவை. ஒருவரை ஒருவர் வைதால் தண்டம், அடித்தால் அதைவிடப் பெரிய தண்டம். சாலைக்குள் ஆயுதம் கூடாது, சூதாட்டம் கூடாது, வேலைக்காரப் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய விடுதிக் காப்பாளர் படித்தால் "நம்ம ரூல் புக் மாதிரியே இருக்கே" என்பார்.

ஆனால் 95 இளைஞர்கள் அடுத்தடுத்துப் படுத்து, ஒரே கூடத்தில் உண்ணும் இடத்தில் ஒருவனுக்கு இருமல் வந்தால் என்ன செய்வது? நான் படித்த வரையில் செப்பேடு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒழுக்கத்துக்கு விதி எழுதியவர்கள் உடம்புக்கு விதி எழுதவில்லை.

காந்தளூர்ச் சாலை என்றவுடன் உங்களுக்கு ராஜராஜன் நினைவுக்கு வருவான். காந்தளூர்ச் சாலையில் அவன் கலம் அறுத்தான் என்பது அவன் மெய்க்கீர்த்திப் புகழ். அந்தக் கலம் கப்பலா, உண்கலமா என்பது நூறாண்டு வழக்கு. நம் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தச் சாலை பற்றித் தனி ஆராய்ச்சியே எழுதினார். நான் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இப்படி ஒரு வழக்கு எழும் அளவுக்கு, சாலை என்றாலே சோறு போடும் இடம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் சென்னைக்குப் போகும்போது இந்த உண்கலம் மறுபடி வரும்.

திருமுக்கூடலில் 15 படுக்கை

உடம்புக்கு விதி எழுதிய கல்லைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே எங்கள் ஊர்ப் பக்கம் போக வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே இருக்கிறது. செய்யாறு எங்கள் ஆறு, அதனால் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் மதிலில் வீரராஜேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு இருக்கிறது. காலம் கி.பி. 1060-களின் இறுதி. எபிகிராஃபியா இண்டிகாவில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் வெளியிட்டார்.

நான் அதை முதல்முறை படித்தது அமரவிளைச் சாவடியில், ஒரு மழை நாளில், அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்து. கணக்குப் பார்த்தே வளர்ந்தவன் ஆகையால் எனக்கு அது இலக்கியம் போல இனித்தது. கோயில் வருமானத்தில் எதெதற்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று ஒரு பேரேடு அது. கோயிலை ஒட்டி வேதமும் இலக்கணமும் படிக்கும் கல்லூரி. உணவும் உறைவிடமும் பெறுவோர் 60 பேர். அவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய்! அதோடு நின்றிருந்தால் இதுவும் ஒரு சட்டர் சாலைதான். நிற்கவில்லை. அதே வளாகத்தில் வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள். அதில் 15 படுக்கைகள்.

யாருக்கு? மாணவருக்கும், ஆசிரியருக்கும், கோயில் பணியாளருக்கும். மருத்துவர் ஒருவர். அவர் பெயர் கூட இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டு வந்து மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டு வருபவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஊதியம் தனியே. நோயாளிகளின் சோற்றுக்கு நாள்தோறும் அரிசி தனியே. இந்தக் கடைசி வரியில்தான் என் விரல் நின்றது. அரிசி வியாபாரி ஆயிற்றே!

60 பேருக்கு உணவளிக்கும் இடத்தில் 15 நோயாளிப் படுக்கை என்றால் பணியாளரையும் சேர்த்துப் பார்த்தாலும் அது தாராளம். ஒருவன் சுருண்டு படுத்தால் அவனை மற்றவர் நடுவிலிருந்து எடுத்து வேறிடத்தில் படுக்க வைக்கலாம், சோறும் அவனைத் தேடி வரும். அவன் மாணவன் என்ற உரிமையும் போகாது. தொற்று என்னும் கருத்து அன்று அவர்கள் மனத்தில் எவ்வளவு இருந்தது என்று நான் அளந்து சொல்லப் போவதில்லை. ஆனால் தொற்றை அறிந்தவன் செய்ய வேண்டியதை அவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது, இருபது அளவில். அதில் வாஸாஹரீதகி என்று ஒன்று. வாஸா என்பது நம் வேலியோர ஆடாதோடை, ஹரீதகி கடுக்காய். இருமலுக்கும் இளைப்புக்கும் பாட்டி கொடுத்த அதே சரக்கு. தசமூல ஹரீதகியும் இருக்கிறது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளைப் பின்பற்றித்தான் இருபதாம் நூற்றாண்டில் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து உருவானது. ஆக, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லூரி மருந்தறையில் மாணவரின் இருமலுக்கு இடம் இருந்தது. சளியைக் கரைக்கும், நோய் பரவுவதை நிறுத்தாது என்பது வேறு விஷயம். பரவுவதை நிறுத்தியிருக்கக் கூடியது அந்தப் படுக்கைதான்.

வாய்த்துணி பற்றி ஒரு சிறு விலகல்

நான் சைனன் என்பதால் நண்பர்கள் 2020-இல் முகக்கவசம் வந்தபோது, "அண்ணாச்சி, இதெல்லாம் உங்க ஆளுங்க எப்பவோ கட்டினதுதானே" என்றார்கள். கட்டியவர்கள் வடநாட்டுச் சுவேதாம்பரரில் ஸ்தானகவாசி, தேராபந்தித் துறவிகள். தமிழ்ச் சைனர்களாகிய நாங்கள் திகம்பரர், எங்கள் முனிவரிடம் அந்த வழக்கம் இல்லை. அதுவும் நோய்க்காகக் கட்டியதன்று. தன் மூச்சினால் காற்றிலுள்ள நுண்ணுயிருக்குத் துன்பம் வரக் கூடாது என்று கட்டியது. தன்னைக் காப்பதற்காக அல்ல, பிறவற்றைத் தன்னிடமிருந்து காப்பதற்காக. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு ஒரு படுக்கை, தலைமாட்டில் கல்லே தலையணை, முன்பக்கம் திறந்த வெளி. அதுவும் தவத்துக்காகச் செய்ததுதான். பழம்பெருமை பேசுகிறேன் என்று எதையும் எதனோடும் முடிச்சுப் போடக் கூடாது.

நோயைத் தடுக்க என்றே முகத்துணியைப் பரப்பியவர் பினாங்கில் பிறந்த வூ லியென் டே. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜில் மருத்துவரானவர். 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் பரவியபோது, இது எலியால் மட்டும் வருவதன்று, மூச்சால் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய கவசத்தைக் கட்டச் சொன்னார். தியான்ஜின் மருத்துவக் கல்லூரியின் பிரெஞ்சுப் பேராசிரியர் மெஸ்னி, வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அவரே அந்நோயால் இறந்தார். பேராசிரியர்களும் பிழை செய்வார்கள்.

கப்பலில் வந்த காய்ச்சல்

நம் மலரைப் படிக்கும் மூத்தவர்களுக்கு ரஜுலா கப்பல் நன்கு தெரிந்திருக்கும். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போன தமிழர் பலர் அதில்தான் போனார்கள், வந்தார்கள். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ரஜுலாவில் பயணிகள் பலர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். ஆசியக் காய்ச்சல் என்று உலகம் அழைத்த இன்ஃபுளுயன்சா இந்தியாவுக்கு வந்த வழி அதுதான். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தார் அந்தக் கிருமியை ஆராய்ந்தனர். அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுதும் கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல், இறந்தோர் ஆயிரத்துச் சொச்சம். கணக்கில் வராதவர் எத்தனையோ! நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது. ஊரில் அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

மாணவர் கூடும் இடத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை அந்த ஆண்டு அமெரிக்காவில் வெளிப்படையாகப் பார்த்தார்கள். கோடையில் ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த காய்ச்சல், செப்டம்பரில் பள்ளிகளும் கல்லூரிகளும் திறந்ததும் மளமளவென்று ஏறியது. இளையவர் நிறையப் பேர் ஒரே கூரையின் கீழ் தூங்கினால், பாடம் கேட்டால், உண்டால் அப்படித்தான்.

தம்பி சொன்ன வார்த்தை

இப்போது தம்பியின் கதை. 1979. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அவன்தான். ஊரும் பெயரும் வேண்டாம், ஒரு நகரத்தில் விடுதி. அறைக்கு ஆறு பேர். ஐப்பசி மாதம் அவனைப் பார்க்க அரிசியும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போனேன். இளைத்திருந்தான், இருமினான். "ரெண்டு மாசமா இருக்குண்ணே. சொன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. வருஷம் போயிடும்" என்றான். நானும் சிறு வயசு, விவரம் போதாது. கடையில் இருமல் மருந்து ஒரு புட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அந்தப் புட்டியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தை மாதம் ரத்தம் துப்பினான். காசநோய். விடுதியில் அன்று மாலையே பெட்டி படுக்கையை வராந்தாவில் வைத்துவிட்டார்கள். அறையில் இருந்தவர்களில் மேலும் இருவருக்கு அந்நோய் இருந்தது பிறகு தெரிந்தது. தம்பி பிழைத்தான், இன்று பேரன் எடுத்துவிட்டான். ஆனால் கல்லூரிக்குத் திரும்பவில்லை. மூட்டை தூக்கும் தொழிலுக்குத்தான் என்னோடு வந்தான்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் கழித்து, காசநோய் வரலாற்றைப் படிக்கும்போதுதான் அறிந்தேன். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த முயற்சி. நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியை அவரவர் வீட்டிலேயே, அதுவும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வைத்தும் மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவரும் அதே அளவு குணமானார்கள். அதைவிட முக்கியம், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. முறையாக மருந்து தொடங்கினால் தொற்றும் தன்மை விரைவில் அடங்கிவிடுகிறது. வீட்டாருக்கு வந்த தொற்றில் பெரும்பகுதி நோயைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய நாட்களிலேயே வந்துவிடுகிறது.

உலகம் முழுதும் சானடோரியங்கள் மூடப்பட இந்தச் சென்னை ஆய்வு ஒரு காரணம். அது வெளிவந்து இருபது ஆண்டுக்குப் பின், அதே தமிழ்நாட்டில், என் தம்பியின் பெட்டி வராந்தாவுக்கு வந்தது. அவன் சொல்லப் பயந்த அந்த மாதங்களில்தான் அறைத் தோழர்களுக்கு நோய் போயிற்று. விரட்டிய நாளுக்குப் பிறகு யாருக்கும் ஆபத்து பெரிதாக இருந்திருக்காது. விரட்டுவார்கள் என்ற பயம்தான் பரப்பியது.

எல்லையில் 2020

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி ஒரு கல்லூரி மாணவி என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சீனத்தின் வூஹானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து திருச்சூருக்குத் திரும்பியவர். 2020 ஜனவரி 30-இல் உறுதியானது. பிப்ரவரி 2-இல் ஆலப்புழையிலும், 3-இல் காசர்கோட்டிலும் அதே வூஹானிலிருந்து வந்த இரு மாணவர்கள். கேரள அரசு மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, சீனத்திலிருந்து வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் வீடுகளிலேயே தனித்திருக்க வைத்தது. ஆஷா பணியாளர்கள் தினமும் விசாரித்தார்கள், வேண்டியது கொடுத்தார்கள். மூவரும் பிப்ரவரியிலேயே குணமாகி வீடு திரும்பினார்கள். அவர்களிடமிருந்து நோய் வேறு யாருக்கும் பரவவில்லை. தாமே முன்வந்து சொன்ன மாணவரும், சொன்னவரைக் குற்றவாளியாக்காத அலுவலரும் சேர்ந்து செய்த வேலை இது. பின்னால் வந்த பேரலையை இதுவெல்லாம் தாங்கவில்லை என்பது உண்மைதான். அதனால் அந்த முதல் மாதம் பொய்யாகிவிடாது.

மே மாதம் நம் இஞ்சிவிளையை வாகனம் நுழையும் ஆறு வழிகளில் ஒன்றாகத் திறந்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் விடுதிகள் மூடியதால் அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகள் பாஸ் வாங்கிக்கொண்டு வந்து வெயிலில் நின்றார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் கல்லூரி என்று தினம் பஸ் மாறிப் போய்வந்த மாணவர்களுக்கு அந்த ஆண்டுதான் 1956 நவம்பர் 1-இல் போட்ட கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஜூலையில் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் நூற்றுக்கணக்கில் கட்டில் போட்டு முதல்நிலைச் சிகிச்சை மையம் ஆக்கினார்கள். அது கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலம். பல்கலைக்கழக மண்ணில் ஆதுலர் சாலை! திருமுக்கூடலை நினைத்துக்கொண்டேன்.

இனிச் சென்னை. அந்த டிசம்பரில் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர் எழுநூறு சொச்சம் பேர்தான் இருந்தார்கள், வழக்கமான எண்ணிக்கையில் சிறு பங்கு. அறைகளில் நெருக்கடி இல்லை. ஆனால் உணவுக்கூடம் ஒன்றுதான் திறந்திருந்தது. எல்லோரும் அங்கேதான் வர வேண்டும். உண்ணும்போது முகக்கவசம் எப்படிப் போடுவது? டிசம்பர் 14-ஆம் தேதிக்குள் தொற்றுக்கு ஆளானோர் நூறைத் தாண்டினர், உணவுக்கூடப் பணியாளரும் அதில் அடக்கம். உடனே துறைகளையும் ஆய்வகங்களையும் நூலகத்தையும் மூடினார்கள். அனைவருக்கும் பரிசோதனை செய்தார்கள். நோயுற்றவரை அருகிலேயே உள்ள கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொண்டுபோனார்கள். உணவுக்கூடத்தில் உண்பது நின்றது, பொட்டலச் சோறு அறைக்கு வந்தது. ராஜராஜன் அறுத்தது எந்தக் கலமோ, சென்னையில் அறுபட்டது சந்தேகமில்லாமல் உண்கலம்தான். பரவலும் அடங்கியது.

இதில் மாணவரை மட்டும் குறை சொன்ன பேச்சு அப்போது நிறைய. ஒரே ஒரு கூடம் திறந்து வைத்தால் பசித்தவன் எங்கே போவான்?

காற்று

அந்த ஆண்டின் பெரிய சர்ச்சை, நோய் எச்சில் துளியால் பரவுகிறதா, காற்றிலே மிதந்து பரவுகிறதா என்பது. 2020 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் லிடியா மொராவ்ஸ்கா, அமெரிக்காவின் டொனால்டு மில்டன் ஆகியோர் எழுதிய கடிதத்துக்கு, உலகெங்குமுள்ள விஞ்ஞானிகள் 239 பேர் ஆதரவு தெரிவித்தார்கள். மிதக்கிறது, காற்றோட்டத்தைக் கவனியுங்கள் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைத் தெளிவாக ஒப்புக்கொள்ள அடுத்த ஆண்டு ஆயிற்று. இத்தனைக்கும் 1930-களிலேயே வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் இதைச் சொல்லி, பிலடெல்பியாப் பள்ளிகளின் வகுப்பறையில் மேல்பகுதிக் காற்றில் புறஊதா விளக்குப் போட்டு, தட்டம்மை அங்கே குறைவாகப் பரவியதைக் காட்டியிருந்தார்.

நாம் வீட்டில் நாள்தோறும் கை கழுவினோம், காய்கறியைக் கூடக் கழுவினோம், ஜன்னலைத் திறந்தோமா? இன்றைய விடுதிகளைப் பாருங்கள். பெற்றோரே "ஏ.சி. ரூம் இருக்கா" என்று கேட்கிறோம். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. நான்கு பேர் விட்ட மூச்சு விடியும்வரை அங்கேயே இருக்கும். எதிரெதிர் இரண்டு திறப்பு உள்ள அறை, அல்லது ஒரு ஜன்னலும் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறியும் போதும். பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் சொல்லாதே என்றதை நான் கேட்கவில்லை. மறுநாள் காலையே அவள் அம்மாவிடம் சொன்னேன். பஸ் பிடித்து விடுதிக்குப் போனேன். காப்பாளர் அம்மா நல்லவர்தான், பதற்றப்படவில்லை. டாக்டர் பார்த்து இன்ஃபுளுயன்சா என்றார். அறையிலிருந்த மற்ற மூவரையும் அன்றே பார்த்து, இருவருக்கு மாத்திரை தொடங்கினார்கள். "காய்ச்சல் வந்த பிள்ளையை வைக்கத் தனி அறை இருக்கா அம்மா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையைத் திறந்து காட்டினார். பழைய மெத்தைகள், உடைந்த நாற்காலி. ஒரு ஜன்னல், அதன் கொக்கி துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. "இங்கே இருக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு யார் கொண்டு வருவாங்க? தேர்வு போனா மறுபடி எழுத விடுவாங்களா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சாரே, இது வரை யாரும் கேட்டில்லா" என்றார்.

நான் திருமுக்கூடல் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவருக்கு அதில் எவ்வளவு பிடித்ததோ தெரியாது, 15 படுக்கை என்றபோது மட்டும் சிரித்தார். பேத்தி ஐந்து நாள் அந்த அறையில்தான் இருந்தாள், முதல் நாள் நானே சுத்தியலால் கொக்கியைத் தட்டித் திறந்தேன். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது எட்டிப் பார்த்தேன். மெத்தைகளை எடுத்துவிட்டு இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். கொக்கிக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.